முதல் மேடைக் கச்சேரிக்குக் கிட்டாருடன் ஆயத்தமாவது எப்படி?

வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடி வாசிக்கும் நண்பர்களின் மெல்லிசைக் குழுவுக்கு முதல் மேடை பெரும்பாலும் தெரிந்தவர்கள் வழியாகத்தான் வருகிறது. குடியிருப்பு வளாகத்தின் பொங்கல் விழா, கல்லூரி ஆண்டு விழா, தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று ஏதோ ஒன்றில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கித் தருவார்கள். நாள் குறித்ததும் கிட்டார் வாசிப்பவர் கடினமான இடையிசைப் பகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு விரல் வேகத்துக்காக உழைக்கத் தொடங்குவார். அந்த உழைப்பு வீண்போகாது. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய குழுக்களில் வாசித்து வருகிற எனக்குத் தெரிந்தவரை, மேடையில் குழு தடுமாறுவது பாடலின் நடுவில் மிகக் குறைவு. பாடல் தொடங்கும் இடத்திலும், முடியும் இடத்திலும், ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையிலும்தான் அதிகம். ஆயத்தத்தில் பெரும் பங்கை அந்த மூன்று இடங்களுக்கே ஒதுக்க வேண்டும்.

பாடல்களைத் தேர்ந்தெடுத்தவுடன் ஒவ்வொன்றுக்கும் பாடகரின் சுருதியை முடிவு செய்யுங்கள். திரைப்பாடல்களை மூல ஒலிப்பதிவின் சுருதியிலேயே பாட எல்லாருடைய குரலும் இடங்கொடுக்காது. மூன்றாவது வார ஒத்திகையில் வந்து, ‘ஒரு கட்டை இறக்கிக்கொள்ளலாமா?’ என்று பாடகர் கேட்டால், அதுவரை விரலில் ஏற்றியதையெல்லாம் மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும். எனவே முதல் ஒத்திகையிலேயே சரணத்தின் உச்ச வரியைப் பாடச் சொல்லி, தொண்டையை இறுக்காமல் அவர் எட்டக்கூடிய சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடகர்கள் கட்டைக் கணக்கில் பேசுவார்கள். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஒன்றரை என்பது சி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப். இந்தக் கணக்கு கிட்டார் வாசிப்பவருக்கு யோசிக்காமல் வர வேண்டும்.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும்) பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டுப் பழைய விரல்களிலேயே வாசித்துவிடலாம். கிட்டாரில் சுருதி மாறினால் கார்டு வடிவமே மாறும். மூலத்தில் ஈ மைனரில் உள்ள பாடலை ஒரு கட்டை இறக்கி டி மைனரில் பாடுவதாக வைத்துக்கொள்வோம். ஈ மைனரில் ஆறாவது தந்தி திறந்தபடி முழங்குகிற கனம் டி மைனரில் கிடைக்காது. ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி) வைத்து ஏ மைனர் வடிவத்தில் வாசித்தால் விரல்கள் எளிதாக நகரும், ஆனால் ஒலி மெலிந்து மாண்டலின் பக்கம் சாயும். கேப்போ இல்லாமல் டி மைனர் வடிவத்திலேயே வாசித்தால் கனம் ஓரளவு மிஞ்சும், பி ஃப்ளாட் வரும்போதெல்லாம் பாரே (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பிடி) பிடிக்க வேண்டியிருக்கும். குழுவில் பாஸ் கிட்டார் இருந்தால் முதல் வழியையும், இல்லாவிட்டால் இரண்டாவதையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீபோர்டு வாசிப்பவர் ‘ஏ மைனர்’ என்று சொல்வது அவர் விரல் வைக்கும் இடத்தைப் பொறுத்தது. பொத்தான் இரண்டு படி ஏற்றப்பட்டிருந்தால் ஒலிப்பது பி மைனர். ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் முதல் பாடலுக்கு ஏற்றிய டிரான்ஸ்போஸை இரண்டாவது பாடலுக்கு முன் பழைய நிலைக்குக் கொண்டுவர எங்கள் நண்பர் மறந்துவிட்டார். டிரம்ஸ் நான்கு எண்ணியது, நானும் அவரும் ஒரே நேரத்தில் முதல் கார்டை வாசித்தோம், இரண்டும் ஒரு கட்டை விலகி ஒலித்தன. பாடகி வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பாடலுக்கும் முன் கீபோர்டில் ஆதார சுரத்தை மெல்லத் தொட்டுக் காட்டுவார்கள். நான் கிட்டாரில் அதே சுரத்தை ஒருமுறை மீட்டி, ஒத்துப்போகிறதென்று தலையசைத்த பிறகே எண்ணிக்கை தொடங்கும். அவையில் இருப்பவர்களுக்கு அது பாடலின் முன்னோட்டமாகத்தான் கேட்கும்.

அடுத்து ஒவ்வொரு பாடலுக்கும் ஒரே பக்கத்தில் ஒரு தாள் எழுதுங்கள். வரிகளின் மேல் கார்டுகளை எழுதிய அச்சுப்பிரதி இதற்குப் போதாது, ஏனென்றால் மேடையில் கண் தேடுவது கார்டை அல்ல, அடுத்து என்ன வருகிறது என்பதை. என்னுடைய தாள் ஒன்றில் இருப்பதை அப்படியே தருகிறேன்: ‘கேப்போ 4, ஏ மைனர் வடிவம், ஒலிப்பது சி ஷார்ப் மைனர். வேகம் நிமிடத்துக்கு 96 அடி. முன்னிசை 8 பார் (தாளச் சுற்று), முதல் 4 கிட்டார் மட்டும். பல்லவி இருமுறை. முதல் இடையிசை 16 பார், கடைசி 2 பாரில் தபேலா தனியாக. சரணத்தின் மூன்றாம் வரியில் ஸ்ட்ரம்மிங் நிறுத்தி விரலால் மீட்டல். இரண்டாம் இடையிசையில் புல்லாங்குழல் பகுதி கீபோர்டில். முடிவில் பல்லவியின் முதல் வரி மூன்று முறை, மூன்றாவதில் எல்லாரும் ஒரே வெட்டு.’ எழுத்து இரண்டடி தூரத்தில் மங்கிய விளக்கிலும் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி கோப்பில் செருகி வையுங்கள். கைப்பேசித் திரையை நம்பினால் திரை அணைந்துபோவதும் அழைப்பு வருவதும் சரியாக இடையிசையில்தான் நடக்கும்.

அந்தத் தாளில் கடைசி வரிதான் மிக முக்கியமானது. ஒலிப்பதிவில் பல பாடல்கள் ஒலி மெல்லத் தேய்ந்து மறைவதாக முடிகின்றன. மேடையில் அப்படி முடிக்க முடியாது. முடிவைத் தீர்மானிக்காமல் போகும் குழு, பல்லவியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கும். எத்தனை முறை, வேகம் குறைத்தா குறைக்காமலா, கடைசிக் கார்டு ஒலிக்க விடப்படுமா கையால் அடக்கப்படுமா என்ற மூன்றையும் முன்கூட்டியே பேசி, முடிவை மட்டும் தனியாகப் பத்து முறை வாசித்துப் பழகுங்கள். பாடலை முழுவதும் வாசித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்பதில்லை. கடைசிப் பல்லவியிலிருந்து தொடங்கினால் கால் மணி நேரத்தில் நான்கு பாடல்களின் முடிவுகள் உறுதிப்பட்டுவிடும்.

தொடக்கத்தில் வேகம்தான் கவலை. மேடைப் படபடப்பில் நெஞ்சு வேகமாகத் துடிக்கும்போது, வீட்டில் சரியாக இருந்த வேகம் மந்தமாகத் தோன்றும். ஒத்திகையில் 96இல் இருந்த பாடல் மேடையில் 108க்குப் போய், சரணத்தில் பாடகருக்கு மூச்சு வாங்க இடமில்லாமல் போகும். டிரம்ஸ் வாசிப்பவரிடம் விளக்கு மின்னும் மெட்ரோனோம் ஒன்று இருந்தால், எண்ணுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிட்டார் தனியாகத் தொடங்கும் பாடல்களில் வேகத்துக்கு நீங்களே பொறுப்பு. அப்போது முன்னிசையை நினைத்துத் தொடங்காதீர்கள். பல்லவியின் முதல் வரியை மனத்துக்குள் ஒருமுறை பாடிப்பார்த்து, அந்த நடையில் தொடங்குங்கள். வரியில் சொற்கள் இருப்பதால் வேகம் தவறினால் மனமே உடனே காட்டிக்கொடுக்கும்.

குழுவுக்குள் கிட்டாரின் இடத்தையும் ஒத்திகையிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். தனியாக வாசித்துப் பழகியவர்கள் ஆறு தந்திகளையும் நிறைத்து மீட்டுவார்கள். கிட்டாரின் ஆறாவது தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பாஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் டிரம்ஸின் கிக்கும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தால் கேட்பவருக்குக் குழம்பிய இரைச்சல் மட்டுமே மிஞ்சும். பாஸ் இருக்கும் குழுவில் மெல்லிய நான்கு தந்திகளில் (முதல் தந்தியிலிருந்து நான்காவது வரை) சிறிய கார்டு வடிவங்களை வாசியுங்கள். கீபோர்டு நீண்ட கார்டுகளைப் பிடித்திருந்தால் நீங்கள் சிறு வெட்டுகளாக வாசியுங்கள். பாடகர் பாடும்போது ஸ்ட்ரம்மிங்கைக் குறைத்து, அவர் மூச்சுவிடும் இடைவெளிகளில் நிரப்புங்கள்.

கடைசி மூன்று ஒத்திகைகளைக் கச்சேரியாகவே நடத்துங்கள். மேடையில் நிற்கப்போவதைப் போலவே நின்று, கிட்டார் பட்டையின் உயரத்தை அன்றைக்கு வைக்கப்போகும் அளவிலேயே வைத்து, தவறு நேர்ந்தாலும் நிறுத்தாமல் முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை வாசியுங்கள். உட்கார்ந்து பழகிய விரல்களுக்கு நின்று வாசிக்கும்போது மணிக்கட்டின் கோணம் மாறுவதே பெரிய அதிர்ச்சி. அந்த ஒத்திகைகளைக் கைப்பேசியில் பதிவு செய்து, பாடல்களுக்கு இடையிலான நேரத்தை அளந்து பாருங்கள். எங்கள் முதல் பதிவில் ஓர் இடைவெளி இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. கேப்போவைக் கழற்றி, ட்யூன் செய்து, தாளைத் தேடியதில் போன நேரம் அது. அதை இருபது வினாடிக்குக் கொண்டுவர நாங்கள் செய்ததெல்லாம் பாடல் வரிசையை மாற்றியதுதான். ஒரே கேப்போ நிலையில் உள்ள பாடல்கள் அடுத்தடுத்து வந்தன. ட்யூன் செய்ய நேரம் தேவைப்படும் இடங்களில் தொகுப்பாளர் பேசுமாறு வைத்தோம். ஒத்திகை அறை சிறியதாக இருந்தால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்குகிற காதுக்கு 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் கால் மணிதான்.

முதல் பாடலாக உங்களுக்கு மிக எளிதானதை வையுங்கள், அதிலும் கிட்டார் தனியாகத் தொடங்காத பாடலாக இருக்கட்டும்; விரல்கள் சில்லிட்டிருக்கும், சவுண்ட் அமைப்பவரும் அளவுகளைச் சரிசெய்துகொண்டே இருப்பார். மிகச் சிறந்த பாடலைக் கடைசிக்கு ஒதுக்குவதும் ஆபத்து. ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. சில விழா நாட்களில் மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். நம் ஊரில் ஆறரைக்கு அறிவித்த நிகழ்ச்சி பேச்சுகளும் பரிசளிப்பும் முடிந்து எட்டு மணிக்குத் தொடங்குவது வழக்கம். ஆகவே பத்துப் பாடல் தயாரித்தால், இடையில் எந்த மூன்றை எடுத்தாலும் வரிசை குலையாதபடி அமைத்து, அந்த மூன்றையும் எல்லாருடைய தாளிலும் குறித்து வையுங்கள்.

இனி கருவி. தந்திகளை நிகழ்ச்சியன்று மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு முன் மாற்றி, ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்ல இழுத்து நீட்டி, மறுபடி ட்யூன் செய்து, சுருதி இறங்காமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றாலும் வியர்வையாலும் தந்திகள் விரைவில் மங்கிவிடும், வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது அவற்றின் ஆயுளைக் கூட்டும். பையில் ஒரு முழுத் தொகுதித் தந்தியும், கூடுதலாக முதல் தந்தியும் மூன்றாவது தந்தியும் இருக்கட்டும். மிதக்கும் பிரிட்ஜ் (ஸ்பிரிங்குகளின் இழுவிசையில் நிற்கும் தந்திப் பாலம்) உள்ள எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தின் சுருதியும் கலைந்துவிடும் என்பதால், அதைக் கொண்டுபோகிறவர் நண்பரிடம் இரவல் வாங்கியாவது இன்னொரு கிட்டாரை வைத்திருக்க வேண்டும்.

பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் உறுப்பு) பொருத்திய அக்கூஸ்டிக் கிட்டார்களில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகியவுடன் உள்ளே மின்சுற்று இயங்கத் தொடங்கிவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி கரையும். ஒரு பொங்கல் விழாவுக்கு முந்தைய வாரம் முழுவதும், இரவு ஒத்திகை முடிந்ததும் கேபிளைக் கழற்றாமலே கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். விழாவில் மூன்றாவது பாடலின் சரணத்தில் ஒலி மெலிந்து கரகரத்தது, பிறகு அடியோடு நின்றது. சவுண்ட் அமைத்த அண்ணன் ஓடிவந்து ஒரு மைக்கைக் கிட்டாரின் முன் வைத்தார். டிரம்ஸின் ஒலியும் அதே மைக்கில் புகுந்ததால், மீதிப் பாடல்களில் என் பகுதி யாருக்கும் தெளிவாகக் கேட்கவில்லை. அந்தப் பேட்டரியின் விலையை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய பேட்டரி போடுங்கள், கைவசம் இன்னொன்று வைத்திருங்கள், வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஜாக் பொருந்தும் இடத்தில் உள்ள திருகு தளர்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

கேபிள் இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் ஆறு மீட்டருக்கு மிகாமல். சாதாரண கிட்டார் கேபிள் நீள நீள உச்ச ஒலிகளை விழுங்கும், சுற்றுப்புற இரைச்சலையும் சேர்த்துக் கொண்டுவரும். மேடையிலிருந்து தொலைவில் உள்ள மிக்சருக்கு ஒலியைக் கொண்டுபோக, கிட்டாரின் ஒலியை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டியான டி.ஐ. பாக்ஸ்தான் சரியான வழி. சிறிய சவுண்ட் சர்வீஸ்களில் அது எப்போதும் இருக்கும் என்று எண்ண முடியாது என்பதால், குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கிட்டாருக்குள் பேட்டரியில் இயங்கும் பிரீஆம்ப் (ஒலியை வலுப்படுத்தும் மின்சுற்று) இல்லையென்றால், மிக்சரிலிருந்து 48 வோல்ட் பெற்று இயங்கும் ஆக்டிவ் வகையை வாங்குங்கள்.

மின்சாரத்தில் அலட்சியம் கூடாது. பெடல்களுக்கான அடாப்டர் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் பழுதாகும். தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று உறைத்தால், எர்த் சரியில்லை என்று பொருள். உடனே கையை எடுத்து, சவுண்ட் அமைப்பவரிடம் சொல்லி, அவர் சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. 230 வோல்ட்டில் அது உயிரோடு விளையாடுவதாகும். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் கணத்தில் டிஜிட்டல் பிராசஸர் அணைந்து மறுபடி தொடங்கச் சில வினாடிகள் எடுக்கும் என்பதையும் குழுவினருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

வீட்டில் மெல்லிய ஒலியில் அழகாக அமைத்த டோன் மேடையில் ஏன் கசக்கிறது என்று பலர் குழம்புவார்கள். ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது அடி ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைத்தே கேட்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அதை ஈடுகட்ட வீட்டில் பாஸையும் டிரெபிளையும் ஏற்றி வைத்திருப்போம், மேடையின் ஒலி அளவில் அவை இரண்டும் மிகையாகிவிடும். எனவே டோனைக் குழுவோடு முழு ஒலியில் வாசிக்கும்போது அமையுங்கள். நடு ஒலிகளைக் குறைக்காதீர்கள், எக்கோவை வீட்டில் வைப்பதில் பாதியாக்குங்கள். அக்கூஸ்டிக்கில் ஊளைச்சத்தம் எழுந்தால் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைக் குறைக்கச் சொல்லி, மானிட்டருக்கு (வாசிப்பவர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி) நேர் எதிரே நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள்.

சவுண்ட் செக்கில் உங்கள் முறை வரும்வரை தந்தியைத் தொடாதீர்கள். முறை வந்ததும் இன்று வாசிக்கப்போகும் பாடல்களில் மிக உரத்த பகுதியையும் மிக மெல்லிய பகுதியையும் வாசித்துக் காட்டுங்கள். மானிட்டரில் ‘கொஞ்சம் ஏற்றுங்கள்’ என்று சொல்வதைவிட, ‘பாடகர் குரலை ஏற்றி, கீபோர்டைக் குறையுங்கள்’ என்று சொன்னால் வேலை நடக்கும். முடிந்தால் டிரம்ஸ் அருகில், ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். பத்து மீட்டர் தள்ளி நின்றால் அடி உங்கள் காதை வந்தடைய ஏறத்தாழ 30 மில்லி வினாடி ஆகும், அவ்வளவே தாளம் தளரப் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து கிட்டாரை மேடைக்குக் கொண்டுவந்ததும் அரை மணி நேரம் அந்தச் சூட்டில் இருக்கவிட்டுப் பிறகு ட்யூன் செய்யுங்கள். ட்யூனரில் ஏ சுரத்துக்கான அளவு தவறுதலாக 440 ஹெர்ட்ஸிலிருந்து 442க்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேடையில் சுரம் தவறினால் விட்டுவிடுங்கள், தாளத்தை மட்டும் விடாதீர்கள். பாடகர் இடையிசையைத் தாண்டிச் சரணத்துக்குப் போய்விட்டால் குழு முழுவதும் அவரோடு போக வேண்டும். அவர் நுழையத் தாமதித்தால் கடைசி இரண்டு பாரைத் திரும்ப வாசித்தபடி காத்திருக்க வேண்டும். முடிவுக்கு மூடிய கை, இன்னொரு முறைக்குச் சுட்டுவிரல் என்று இரண்டே சைகைகளை வைத்துக்கொள்ளுங்கள், அவற்றைக் காட்டும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

கடைசிப் பாடல் முடிந்ததும் கேபிளைச் சட்டென்று பிடுங்காதீர்கள், ஒலிபெருக்கியில் வெடிப்பது போல் கேட்கும். சவுண்ட் அமைப்பவர் உங்கள் சேனலை அடைத்துவிட்டதாகக் கை காட்டிய பிறகு கழற்றி, தந்திகளைத் துடைத்து, கேப்போவையும் டி.ஐ. பாக்ஸையும் எண்ணிப் பையில் வையுங்கள். வீடு திரும்பும் வழியிலேயே, நினைவு மங்குவதற்குள், அன்றைய தாள்களில் எந்தப் பாடலில் வேகம் ஏறியது, எந்த முடிவு பிசகியது, எந்த இடைவெளி நீண்டது என்று பென்சிலால் குறித்து, அடுத்த ஒத்திகைக்கு அந்தத் தாள்களையே எடுத்துச் செல்லுங்கள்.